படிக்கல்

திரையில் புள்ளிகள் ஒரு பக்கமாகவே விழுந்துகொண்டிருந்தன. நான் முதலில் மெஷினைத்தான் ஏசினேன். கொழும்புக்கு வந்து ஒரு வருசம்கூட ஆகாத மெஷின் அது. அறையின் குளிர் கொஞ்சம் குறைந்தால் கோபித்துக்கொள்ளும். கரண்ட் ஒருதரம் போய் வந்தால் அரை நாளைக்கு அதைச் சமாதானப்படுத்த வேண்டும். புது மாப்பிள்ளைக்குக்கூட யாரும் அப்படி உபசாரம் செய்திருக்க மாட்டார்கள். ஆகவே, முசீபத்தே, இன்றைக்கு உனக்கு என்ன வந்தது என்று அதன் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினேன். புள்ளிகள் கேட்கவில்லை. ஒரே பக்கத்தில் குவிந்துகொண்டே போயின.

ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்துக்கு முன்னால் நடக்கவிட்டு, எது எந்த இனம் என்று திரையில் ஒவ்வொரு புள்ளியாகக் காட்டுகிற மெஷின் அது. அந்த அணுக்களில் பி செல் என்று ஒரு கூட்டம் உண்டு. ஒவ்வொரு பி செல்லும் தன் மேலே இரண்டு அடையாளங்களில் ஒன்றைப் போட்டுக்கொண்டு திரியும். ஒன்று கப்பா, மற்றது லம்டா. சுகமாக இருக்கிற ஆளின் ரத்தத்தில் இரண்டும் கலந்துதான் இருக்கும், கப்பா கொஞ்சம் கூட, லம்டா கொஞ்சம் குறைவு. எல்லாமே ஒரே அடையாளத்தோடு வந்து நின்றால், அத்தனையும் ஒரே தாய் அணுவுக்குப் பிறந்தவை என்று அர்த்தம். எங்கோ ஒரு அணு அடங்காமல் பெருகிப் பெருகி மற்றவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ரத்தப் புற்றுநோய். ஊரில் அதைப் பெயர் சொல்லாமல் 'அந்த வருத்தம்' என்பார்கள்.

அன்றைக்கு இரண்டு குழாய் ரத்தம் வைத்திருந்தேன். ஒன்று வார்டில் இருந்து வந்தது. கழுத்தில் கட்டிகளோடு படுத்திருந்த ஒரு மனுசியின் ரத்தம். அதில் கப்பாவும் லம்டாவும் ஒழுங்காகக் கலந்து வந்தன. மற்றது, அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எடுத்த சுகமான ஆளின் ரத்தம். அதுதான் ஒரே கப்பாவாக வந்துகொண்டிருந்தது. அது என்னுடைய வாப்பாவின் ரத்தம்.

வாப்பா முந்தின நாள்தான் சாய்ந்தமருதில் இருந்து வந்திருந்தார். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்புக்கு ஏதோ ஒரு சாமான் கல்முனையில் கிடைக்கவில்லையாம். சாமானை வாங்கிக்கொண்டு, ஊருக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் தயிர்ச் சட்டியும் கையுமாக என்னைப் பார்க்க ஆய்வுகூடத்துக்கு வந்தார். அது ஒரு நல்ல நேரத்தில் நடந்ததென்று நான் அப்போது நினைத்தேன். கொன்ட்ரோல் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ரத்தத்தை வழக்கமாக வேலை செய்கிற நாங்களேதான் மாறி மாறிக் கொடுப்போம். அன்று எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கூட வேலை செய்கிற பிள்ளை சுன்னத்து நோன்பு பிடித்திருந்தாள், ஊசி என்றதும் யோசித்தாள். வாப்பா அங்கே கதிரையில் உட்கார்ந்து, விடிகாலையில் இருந்து அலைந்த களைப்பே இல்லாத முகத்தோடு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைவிடச் சுகமான ஆளுக்கு நான் எங்கே போவது? காய்ச்சல் என்று அவர் பாயில் படுத்து நான் கண்டதில்லை.

"வாப்பா, உங்கட ரெத்தம் கொஞ்சம் தருவீங்களா?"

"கொஞ்சம் என்ன, ஒரு போத்தல் எடு," என்று ஷேர்ட் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். "எதுக்கு மகள்?"

"வருத்தக்காரர்ர ரெத்தத்துக்குப் பக்கத்துல வெச்சிப் பாக்க. நல்ல ரெத்தம் எப்பிடி இரிக்கும் எண்டு மெஷினுக்குக் காட்டணுமெல்லா."

"ஓ. தராசுல படிக்கல்லு வெக்கிற மாதிரி."

"ஓம்."

"அந்த மெஷின் என்னத்தப் பாக்கிற?"

"குடி பாக்கிற," என்றேன் பகிடியாக.

எங்கள் பக்கத்தில் குடி என்றால் தாய்வழி. உம்மாவின் குடிதான் பிள்ளைகளுக்கு. நானும் உம்மாவும் ஒரு குடி, வாப்பா வேறு குடி. வாப்பா தன் குடிக்கு மரைக்கார், அதாவது பள்ளிவாசல் நிர்வாகத்தில் அந்தக் குடியின் ஆள். கந்தூரிச் சோறு பங்கு வைக்கிற அன்று, எந்தக் குடியில் எத்தனை வீடு, எந்த வீட்டில் யார் மௌத்து, யார் புதிதாகப் பிறந்தது என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனால் நான் பகிடியாகத் தொடங்கியது அவரிடம் வந்ததும் பகிடியாக இல்லாமல் போய்விட்டது. கவனமாகக் கேட்டார். நானும் ஊசியை ஏற்றிக்கொண்டே விளக்கினேன். ஜும்ஆவுக்குப் பள்ளிக்கு வருகிற சனத்தைப் போல, நல்ல ரத்தத்தில் எல்லாக் குடியும் கலந்து நிற்கும் என்றேன்.

"ஒரே குடியாள்களே வந்து பள்ளி நிறைஞ்சி நிண்டா?"

"அப்ப மத்தக் குடியள அது திண்டுட்டு எண்டு அர்த்தம் வாப்பா. அதுதான் அந்த வருத்தம்."

"அல்லாஹ் காப்பாத்தணும்," என்றார். "பகையாளிக்கும் வரப்படாது."

பிறகு பஞ்சை வைத்துக் கையை மடித்துப் பிடித்துக்கொண்டு, நான் எடுக்கச் சொல்லும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி குடித்தார். பம்புச் சாமானை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில்தான் புள்ளிகள் விழத் தொடங்கின.

ஒரு மனுசிக்கு அதிர்ச்சி வந்தால் என்னென்ன செய்வாள் என்று கதைகளில் எழுதுவார்கள். நான் குழாய் கழுவினேன். உண்மையாகவே. ரத்தத்தைச் சரியாகக் கழுவாமல் விட்டால் நீரில் மிதக்கிற சாமான்கள் அணுவில் ஒட்டிக்கொண்டு பொய்க் கணக்குக் காட்டும். கழுவல் பிழை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வாப்பாவின் குழாயில் மிச்சமிருந்ததை எடுத்து இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினேன். புது மருந்து போட்டேன். மெஷினுக்குக் கொடுத்தேன். திரும்பவும் எல்லாம் கப்பா. லம்டா இருக்க வேண்டிய இடத்தில் தூசு மாதிரி இரண்டொன்று.

புண்ணியமூர்த்தி டொக்டரைக் கூப்பிட்டேன். அவர் காரைதீவுக்காரர். எங்கள் ஊருக்கும் அவருடைய ஊருக்கும் நடுவில் ஒரு ரோட்டு வளைவுதான். வாப்பாவின் தயிரை மத்தியானம் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது ஆர்ர?"

"கொன்ட்ரோல் சேர்."

அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டார். நானும் பெயரைச் சொல்லவில்லை.

"குழாய் மாறியிருக்கும்," என்றார். "வார்ட்டு ஆளுக்குக் கட்டி இரிக்கி, ரெத்தம் சுகமா இரிக்கி. சுகமான ஆளுக்கு இப்பிடி. மாறித்தான் இரிக்கும். நான் அந்த மனிசிட்டத் திரும்ப எடுப்பிக்கிறன்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. கதவைச் சாத்திவிட்டு துஆக் கேட்டேன். யா அல்லாஹ், குழாய் மாறியிருக்கட்டும். நான் பிழை விட்டிருக்க வேண்டும், எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை. அந்தப் பாழாய்ப்போன கப்பா எல்லாம் வார்டில் கிடக்கிற அந்த மனுசியுடையதாக இருக்கட்டும். அவளுடைய முகத்தைக்கூட நான் கண்டதில்லை. அவளுக்குப் பிள்ளைகள் எத்தனை, யார் வீட்டு உம்மா, யாருடைய அம்மா, ஒன்றும் தெரியாது. தெரியாதது வசதியாக இருந்தது. என் வாய் அப்படிக் கேட்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கேட்டது.

பின்னேரம் வார்டில் இருந்து புதுக் குழாய் வந்தது. கப்பாவும் லம்டாவும் ஒழுங்காகக் கலந்து, பாடப் புத்தகத்துப் படம் போல வந்தன. அவளுடைய கட்டிகள் வேறு ஏதோ. குழாய் மாறவில்லை.

டொக்டர் வாப்பாவின் ரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். "இது மெதுவாப் போற வகையா இரிக்கலாம் பிள்ள," என்றார், முகத்தைத் தூக்காமலே. "சிலபேர் இதோட கன வருசம் நல்லா இரிப்பாங்க. சிலபேர் இல்ல. ஒரு குழாய வெச்சி நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஊருக்குப் போய்த் திரும்ப எடுத்துட்டு வாங்க. எடுத்த மறுநாளே மெஷினுக்குள்ள போகணும். அதுவரைக்கும் அவருக்கு ஒண்டும் சொல்ல வேணாம்."

சொல்ல வேண்டாம் என்பது சுலபம். என்ன சொல்லி ரத்தம் எடுப்பது? எங்கள் வீட்டில் டெலிபோன் இல்லை. முச்சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற அப்துல் ஸமட் காக்காவின் கடைக்குத்தான் கோல் எடுக்க வேண்டும். அவர் வாப்பாவின் சின்ன வயதுக் கூட்டாளி, ஆனால் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் காக்கா, அதாவது அண்ணன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நக்கலடிக்காத நாள் இல்லை. மறுநாள் நான் எடுத்தபோது, வாப்பா வயலில் நிற்கிறார் என்று அவரே சொன்னார். நான் யோசித்து வைத்திருந்த பொய்யைச் சொன்னேன்.

"காக்கா, வாப்பாக்கிட்டச் சொல்லுங்க. அவர்ர ரெத்தம் முடிஞ்சி போச்சி, இன்னொருக்கா வேணுமாம். நான் எடுக்க வாறன் எண்டு."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"அவர்ர ரெத்தத்த எடுக்க உன்ன அங்க இரிந்து அனுப்புறாங்களா? யா றப்பே! புள்ள, வாப்பா வந்து இறங்கின நேரத்துல இரிந்து இங்க ஒரே அந்தக் கததான். கொழும்புல அவர்ர ரெத்தந்தானாம் படிக்கல்லு. அத வெச்சித்தானாம் மத்தாக்கள்ற ரெத்தத்த நிறுக்கிற. நான் நம்பல்ல. பொய் சொல்றார் எண்டு சொல்லி எல்லாருமாச் சேந்து வாப்பாவப் பகிடி பண்ணின. இப்ப நீயே சொல்றாய். இரி இரி, நான் எல்லாருக்கும் சொல்றன்."

வேண்டாம் காக்கா என்று நான் சொல்வதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

அதற்கடுத்த நாள் காலை பஸ்ஸில் ஏறினேன். பையில் ஊசி, ரப்பர் பட்டி, ஸ்பிரிட், ஊதா மூடிக் குழாய்கள். வழியில் ஒரு செக்பொயின்ட்டில் எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் பையைத் திறந்து ஊசிகளைக் கண்டதும் என்னை ஓரமாக நிற்கச் சொன்னான். அடையாள அட்டையைக் காட்டி, வாப்பாவிடம் ரத்தம் எடுக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவன் இளம் பொடியன், மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. அப்பாவுக்கு என்ன வருத்தம் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்றால் எதற்கு ரத்தம் என்று அவன் கேட்டான். என்னுடைய முகத்தில் எதைக் கண்டானோ, பையை மூடித் தந்துவிட்டான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்துச் சீட்டு மனுசி நான் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பாள்.

வீட்டுக்கு வந்தபோது பின்னேர அஸர் தொழுகை முடிந்திருந்தது. வளவுக்குள்ளே ஆட்கள். நான் பயந்தேன், மையித்து வீடு மாதிரி அத்தனை செருப்பு வாசலில். ஆனால் சிரிப்புச் சத்தம் கேட்டது. பள்ளியில் இருந்து நேராக வந்தவர்கள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் பிலா மரத்தடியில் வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே கைவைத்த கதிரையில், வாப்பா. குளித்து, வெள்ளைச் சாறன் உடுத்து, பெருநாளைக்குப் பூசுகிற அத்தரையும் பூசிக்கொண்டு. அந்த வாசனை படலையடிக்கே வந்தது.

உம்மா என்னை உள்ளே இழுத்தார். "ஈரல் சமைச்சி வெச்சிரிக்கன். ரெத்தம் எடுத்தாத் தல சுத்துமெல்லா? உன்ட வாப்பா காலையில இரிந்து ஒரு வேலயும் செய்யல்ல, ரெத்தம் குறைஞ்சி போகுமாம்." உம்மாவுக்கும் பெருமைதான். முக்காட்டுக்குள்ளே சிரிப்பை மறைக்கப் பார்த்தார். "ஏன் மகள், முகம் வாடிக் கிடக்கு?"

"பஸ்ஸுல வந்த களைப்பு உம்மா."

உள்ளே வைத்து எடுப்போம் என்று வாப்பாவைக் கூப்பிட்டேன். ஸமட் காக்கா விடவில்லை. "நாங்களும் பாக்கணும் புள்ள. படிக்கல்லு ரெத்தம் என்ன நிறம் எண்டு." எல்லாரும் சிரித்தார்கள். நான் வாப்பாவுக்கு முன்னால் ஒரு சின்னப் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன்.

ரப்பர் பட்டியைக் கட்டுவதற்காக ஷேர்ட் கையை மேலே தூக்கிவிட்டபோது, என் விரல் அவருடைய அக்குள் பக்கமாகப் போய்ப் பட்டது. உருண்டையாக ஒன்று. இலந்தைக் கொட்டை அளவு. பக்கத்தில் இன்னொன்று. கழுத்தைப் பார்த்தேன். தாடிக்குக் கீழே, இத்தனை நாளும் என் கண்ணில் படாமல், அங்கேயும் ஒன்று லேசாகப் புடைத்து நின்றது. ஆய்வுகூடத்தில் இதே கையைத்தானே பிடித்தேன்? இதே முகத்தைப் பார்த்துத்தானே பகிடி விட்டேன்? ரத்தத்தை எடுத்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை.

"இது எப்ப இரிந்து வாப்பா?"

"அதா? முந்திப் பல்லு வலிச்ச நேரம் வந்த. போகல்ல. நோவு ஒண்டும் இல்ல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சட்டென்று குனிந்து நரம்பைத் தேடத் தொடங்கினேன். பின்னால் ஸமட் காக்கா யாருக்கோ, கொழும்புக்குப் போன ரெத்தம் இனி லண்டனுக்கும் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி நரம்புக்குள் ஏறியது. ரத்தம் கருஞ்சிவப்பாகக் குழாய்க்குள் வந்தது. சுகமான ரத்தத்துக்கும் அதற்கும் கண்ணால் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை.

"மகள்."

எனக்கு மட்டும் கேட்கிற குரல். அவர் சனத்தைப் பார்த்தபடிதான் இருந்தார். முகத்தில் சிரிப்புக்கூடக் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"ஓம் வாப்பா."

"எல்லாம் ஒரே குடியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். டொக்டரும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். இன்னும் உறுதியில்லை வாப்பா என்றாவது சொல்லியிருக்கலாம், அது பொய்கூட இல்லை. குழாய் நிறைந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா திரும்பக் கேட்கவில்லை. குடி எண்ணுகிற ஆளுக்கு ஒருதரம் கேட்டால் போதும்.

ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தேன். அவர் கையை மடித்துக்கொண்டார். மற்றக் கையை என் தலையில் ஒருதரம் வைத்து எடுத்தார். நெல்லும் டீசலும் அத்தரும் கலந்த கை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளியில் பங்குச் சோற்றுக்கு ஆட்களைக் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

"ஸமட், இஞ்ச வா. நீயும் கைய நீட்டு."

"எனக்கென்னத்துக்கு? என்ட ரெத்தம் படிக்கல்லுக்குச் சரிவருமா?"

"சரிவரும் சரிவரும். வா." கதிரையை விட்டு எழுந்தார். எழுந்தபோது ஒரு கணம் கதிரைக் கையைப் பிடித்து நின்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பக்கத்துல வெச்சிப் பாக்க நல்ல ரெத்தம் ஒண்டு வேணுமெல்லா மகள்?"

ஸமட் காக்கா பெரிய பகிடி ஒன்று நடக்கப்போகிறது என்ற சந்தோசத்தில் ஓடிவந்து கதிரையில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். தேத்தண்ணிச் சீனி ஒட்டியிருந்த கை. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே ஷேர்ட் கையைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள். நான் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன். வாப்பா பிலா மரத்தில் சாய்ந்து நின்று, பஞ்சை இறுக்கிக் கையை மடித்துப் பிடித்தபடி, எடுக்கலாம் என்று நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.